லுக்கேமியா செல் ஏன் நிற்காமல் பெருகுகிறது? சுங்கை சிப்புட் பக்கம் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று, மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரோடு வந்துவிட்ட பிறகும் கேள்வி நின்றபாடில்லை. கோயிலில் கேட்கிறார்கள், பசார் மாலாமில் நிறுத்திக் கேட்கிறார்கள், ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது என்னண்ணே" என்கிறார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, யாருடைய மருந்தையும் மாற்று, நிறுத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ரத்தப் புற்றுநோய் என்று கேட்டதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எந்த மரபணு பழுதாகியிருக்கிறது, அதனால் எந்தப் புரதம் அடங்காமல் வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். இன்றைக்கு வைத்தியமே அதை வைத்துத்தான் நடக்கிறது.

லுக்கேமியா என்றால் ரத்தம் கெட்டுப்போவதுதானே அண்ணே?

ரத்தத்தில் கோளாறு இல்லை, அதை உண்டாக்குகிற இடத்தில்தான் கோளாறு. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் சிவப்பணு மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 கோடி புதிதாக உண்டாகிறது, அதே அளவுக்குப் பழையது சாகிறது. இவ்வளவு பெரிய வேலை ஒழுங்காக நடப்பதற்காக ஒவ்வொரு செல்லுக்கும் சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன: உடம்பு கேட்டால்தான் பெருக வேண்டும், பெருகியபின் முதிர்ந்து ஒரு வேலைக்குப் போக வேண்டும், காலம் முடிந்தால் செத்துவிட வேண்டும். இதையெல்லாம் நடத்துவது புரதங்கள். அந்தப் புரதங்களுக்கான மரபணுவில் பழுது விழுந்து, ஒரே ஒரு செல் கட்டுப்பாட்டிலிருந்து நழுவி, அதன் பிள்ளை, பேரப்பிள்ளை என்று மஜ்ஜை முழுவதும் நிரம்பிவிடுவதுதான் லுக்கேமியா. நல்ல செல்லுக்கு இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்து படியேறினால் மூச்சு வாங்கும், பிளேட்லெட் குறைந்து ஈறில் ரத்தம் கசியும், இடிக்காமலே தோல் கன்றிப்போகும். வெள்ளையணு எக்கச்சக்கமாக இருந்தாலும் உருப்படியாக வேலை செய்கிறது குறைவாக இருப்பதால் காய்ச்சல் விட்டு விட்டு வரும்.

முதலில் டிங்கி என்றுதானே சொன்னார்கள்?

நம் ஊரில் காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் டிங்கியைத்தான் நினைப்பார்கள், அதில் தப்பில்லை. டிங்கியில் சில நாளில் பிளேட்லெட் தானாக ஏறிவிடும். ஏறவில்லை, ஹீமோகுளோபினும் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் கிளினிக்கில் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். முதிராத செல்கள் அங்கே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மரபணு, புரதம் இரண்டும் ஒன்றா?

இல்லை. மரபணு என்பது டிஎன்ஏவில் எழுதியிருக்கிற குறிப்பு. அதை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அந்தப் படியைப் பார்த்துச் செல் புரதத்தைச் செய்கிறது. மனிதனுக்குப் புரதம் செய்கிற மரபணு சுமார் 20,000 உண்டு. கண்ணில் இருக்கிற செல்லிலும் மஜ்ஜையில் இருக்கிற செல்லிலும் இருப்பது அதே 20,000தான், எது எது எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் லுக்கேமியாவில் இரண்டு விதமான தப்பு நடக்கலாம். ஒன்று, குறிப்பிலேயே எழுத்துப் பிழை விழுந்து, வருகிற புரதம் வேறு மாதிரியாகிவிடுவது. இன்னொன்று, குறிப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அமைதியாக இருக்க வேண்டிய மரபணு ஓயாமல் வேலை செய்கிறது, அல்லது வேலை செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் ஒரு குழு, ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒரே நேரத்தில் அளந்து, அந்தக் கணக்கை மட்டும் வைத்து இரண்டு வகை அக்யூட், அதாவது வேகமாக ஏறுகிற, லுக்கேமியாவைப் பிரித்துக் காட்டியது. அதுவரை எங்களைப் போன்றவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததை எண்கள் சொல்ல ஆரம்பித்தன. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மரபணு என்கிறீர்கள், அப்படியென்றால் பரம்பரை நோயா? பிள்ளைகளுக்கு வருமா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பழுது ஒருவர் பிறந்த பிறகு, அல்லது கருவில் இருக்கும்போது, ஒரு மஜ்ஜைச் செல்லில் மட்டும் விழுவது. விந்திலும் முட்டையிலும் அது இல்லாததால் பிள்ளைக்குப் போகாது. குடும்பத்தில் தொடர்ந்து வருகிற சில வகைகள் உண்டு, ரன்எக்ஸ்1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது உள்ள குடும்பங்கள் அப்படி. ஆனால் அவை அபூர்வம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு லுக்கேமியா வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதையும் சொல்ல வேண்டும்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், அப்பாவுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் பின்வாங்கின கதை நம் பக்கம் இருக்கிறது. தோஷம், பாவம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுடைய ரத்தத்துக்கும் அவளுடைய அப்பா மஜ்ஜையில் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

சிஎம்எல் என்று எழுதியிருக்கிறது. பிலடெல்பியா என்று ஒரு ஊர்ப் பெயர் வேறு வருகிறதே?

சிஎம்எல் என்பது மெதுவாக ஏறுகிற ஒரு வகை லுக்கேமியா. இந்த நோயை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், சிஎம்எல் நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கிற இழை, வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். ஊர்ப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஏன் குட்டையானது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார்: 9-ஆம் குரோமோசோமிலும் 22-ஆம் குரோமோசோமிலும் ஒவ்வொரு துண்டு உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒட்டின இடத்தில் பிசிஆர் என்ற மரபணுவின் முன்பாதியும் ஏபிஎல் என்ற மரபணுவின் பின்பாதியும் சேர்ந்து, மனிதனுக்கு இல்லாத ஒரு புது மரபணு உண்டாகிவிட்டது.

ஏபிஎல் புரதம் ஒரு கைனேஸ். அதாவது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றி அவற்றை வேலைக்கு எழுப்பிவிடுகிற நொதி. சாதாரணமாக அது தன்னைத் தானே மடக்கி அடக்கி வைத்திருக்கும், தேவைப்படும்போது மட்டும் திறக்கும். அந்த அடக்கி வைக்கிற முன்பகுதி உடைந்த இடத்தில் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த பிசிஆர் துண்டுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற குணம் உண்டு. ஒட்டின உடனே ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன, அப்புறம் அடங்குவதே இல்லை. பால்மரக் காலத்துப் பெரட்டை, அதாவது காலையில் தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிடுவதை, நினைத்துப் பாருங்கள், மேற்பார்க்கிற தண்டல் பெயர் கூப்பிட்டால்தான் ஆள் நிரைக்குப் போகும். இங்கே தண்டல் இரவு பகல் பார்க்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், ஆள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, தடுக்கக் கிராணி இல்லை.

அந்த அழைப்பு செல்லுக்குள் பல வழியில் போகிறது. ராஸ் வழியாகப் போனால் செல் பிரிகிறது. பிஐ3கே வழியாகப் போனால் பட்டினியிலும் தாக்குப்பிடிக்கிறது. ஸ்டாட்5 என்ற புரதம் எழும்பிச் செல்லின் கருவுக்குள் போய், சாகாமல் காக்கிற மரபணுக்களை வேலை செய்ய வைக்கிறது. மிக் என்ற மரபணுவின் வேலை கூடி, செல் தன்னை இரண்டாக்கத் தேவையான சாமான்களையெல்லாம் அவசர அவசரமாகச் செய்கிறது. இவ்வளவுக்கும் ஆரம்பம் அந்த ஒரு புரதம்தான். 1990-இல் இந்தக் கலப்பு மரபணுவை எலியின் மஜ்ஜையில் வைத்துப் பார்த்தார்கள், எலிக்கும் சிஎம்எல் மாதிரியான நோய் வந்தது. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

கிளிவெக் மாத்திரை என்ன செய்கிறது?

அந்தக் கைனேஸ் வேலை செய்ய ஏடிபி என்ற சக்திப் பொருள் வந்து உட்காருகிற ஒரு குழி உண்டு. இமாடினிப், அதாவது கிளிவெக், அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. பாஸ்பேட் ஏற்ற முடியாமல் புரதம் முடங்கிவிடுகிறது. பிரையன் ட்ரூக்கர் என்ற டாக்டரும் நிக்கோலஸ் லைடன் என்ற உயிர்வேதியியல்காரரும் முன்னின்று கொண்டுவந்த இந்த மருந்துக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை முதலில் பெரிய அளவில் சோதித்த ஐரிஸ் ஆய்வில், பத்து வருடம் கழித்து 100 பேரில் 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்னால் சிஎம்எல் என்றால் சில வருடக் கணக்கு.

வயிற்றைப் புரட்டும் என்பதால் சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு சாப்பிடச் சொல்வார்கள். இதே வகை இன்னொரு மருந்தான நிலோடினிப் சாப்பிடுகிறவர்களுக்கு இது நேர் எதிர், அந்த காப்ஸ்யூலை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துச் செய்யாதீர்கள்.

ரிப்போர்ட்டில் 0.1 சதவீதம், 0.01 சதவீதம் என்று வருகிறதே, அது என்ன கணக்கு?

ரத்தத்தில் அந்தக் கலப்பு மரபணுவின் ஆர்என்ஏ படிகள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள், அதுதான். மருந்து ஆரம்பித்து மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கிற அளவுகோல். வெள்ளையணு எண்ணிக்கை நார்மலாகிவிட்டதே என்று சோதனைக்குப் போகாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் எனக்கு ஒன்றும் தெரியாத ரத்தத்தில்கூட அந்த எண் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

மாத்திரை சாப்பிட்டும் எண் ஏறுகிறது. மருந்து பொய்யா?

முதலில் ஒரு கேள்வி, தினமும் சாப்பிடுகிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், எண் ஏறுவதற்குப் பொதுவான காரணம் அதுதான். தீபாவளிக்கு நிறுத்துவது, கோயில் விரதத்துக்கு நிறுத்துவது, காலில் சதை பிடிக்கிறதென்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது. பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லலாம், வேறு வழி வைத்திருப்பார்கள். சொல்லாமல் குறைத்தால் அவர் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் நினைப்பார்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறுகிறது என்றால், அந்தக் குழியின் வடிவமே மாறியிருக்கலாம். புரதத்தில் 315-ஆவது இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் வந்துவிட்டால், டி315ஐ என்பார்கள், இமாடினிப் மட்டுமல்ல, டாசாடினிப், நிலோடினிப்கூட அங்கே உட்கார முடியாது. அதற்குத்தான் பொனாடினிப் வந்தது, ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு வருகிற ஆபத்து அதில் உண்டு. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப் வேறு வழியில் போகிறது: ஏடிபி குழியை விட்டுவிட்டு, புரதம் தன்னை மடக்கிக்கொள்ள வைத்திருக்கும் இன்னொரு குழியில் உட்கார்ந்து, பழையபடி மடங்கி அடங்க வைக்கிறது. எனக்குப் பிடித்த மருந்து இதுதான். உடைந்தபோது தொலைந்துபோன கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருகிறது.

எண் ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. பிரான்சில் நடந்த ஸ்டிம் ஆய்வில், இரண்டு வருடத்துக்கு மேல் எண் காணாமலே இருந்த 100 பேர் டாக்டர் மேற்பார்வையில் இமாடினிப்பை நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் சுமார் 40 பேருக்கு மட்டும் திரும்பி வரவில்லை. மற்றவர்களுக்கு எண் ஏறியது உடனே தெரிந்ததால் திரும்ப மருந்து கொடுத்து இறக்க முடிந்தது. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்காமல் இதைச் செய்வது கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற வேலை.

என் தம்பிக்கு ஏஎம்எல். சிஎம்எல்காரர் வேலைக்குப் போகிறார், இவன் ஒரே மாதத்தில் படுத்துவிட்டான். ஏன்?

ஏஎம்எல் என்பது வேகமாக ஏறுகிற அக்யூட் வகை. சிஎம்எல்லில் செல் பெருகுகிறது, ஆனால் முதிரவும் செய்கிறது. ஏஎம்எல்லில் முதிர்வதும் நின்றுவிடுகிறது, அதனால் உதவாத இளஞ்செல்கள் மட்டுமே குவிகின்றன. மஜ்ஜையிலோ ரத்தத்திலோ அவை 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏஎம்எல் என்பது வழக்கமான அளவு.

இதற்கு ஒரே ஒரு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது, பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்து வருகின்றன. ஃப்ளிட்3 என்பது செல்லின் மேல்தோலில் இருக்கிற ஒரு வாங்கி, வெளியிலிருந்து வளர்ச்சிப் புரதம் வந்து தொட்டால்தான் உள்ளே சேதி அனுப்பும். மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இந்த மரபணு பழுதாகி, யாரும் தொடாமலே சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய அதே அளவு பேரிடம் என்பிஎம்1 என்ற புரதம் செல்லின் கருவுக்குள் இருப்பதை விட்டு வெளியே வந்துவிடுகிறது, ஹாக்ஸ் மரபணுக்கள் அடங்காமல் வேலை செய்கின்றன. ஸ்டெம் செல்லாக, அதாவது மற்ற செல்களை உண்டாக்குகிற தாய்ச் செல்லாக, இருக்கும்போது மட்டும் வேலை செய்துவிட்டு ஓய்ந்துபோக வேண்டியவை அவை. ஓயாததால் செல் குழந்தைத்தனத்திலேயே நின்றுவிடுகிறது. ஐடிஹெச் பழுதானவர்களுக்கு இன்னொரு கூத்து: அந்த நொதி வழக்கமான பொருளுக்குப் பதிலாக 2-ஹைட்ராக்ஸிகுளுட்டாரேட் என்ற பொருளை உண்டாக்குகிறது, அது சேர்ந்து சேர்ந்து, டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் அடையாளங்களை அழிக்கிற நொதியை முடக்கிவிடுகிறது. முதிரச் சொல்லும் மரபணுக்கள் பூட்டியபடியே கிடக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் இப்போது தனி மருந்து வர ஆரம்பித்திருக்கிறது. ஃப்ளிட்3க்கு 2017-இல் மிடோஸ்டாரினும் 2018-இல் கில்டெரிடினிப்பும், ஐடிஹெச்சுக்கு எனாசிடெனிப், ஐவோசிடெனிப், ஹாக்ஸை ஏவிவிடுகிற மெனின் புரதத்தைத் தடுக்க 2024-இல் ரெவுமெனிப். இந்த வருடங்கள் அமெரிக்க அனுமதி. அங்கே அனுமதி வந்த அன்றைக்கே நம் அரசாங்க ஆஸ்பத்திரி அலமாரிக்கு வந்துவிடாது, அதனால் எந்த மருந்து இங்கே கிடைக்கிறது என்பதை நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு அம்மாவுக்கு ஆர்சனிக் கொடுக்கிறார்களாம், அது விஷம் இல்லையா?

விஷம்தான், ஆனால் அளந்து கொடுக்கிற விஷம். அது அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற தனி வகை ஏஎம்எல். இதையும் சுருக்கமாக ஏபிஎல் என்பார்கள், மேலே சொன்ன ஏபிஎல் மரபணு வேறு. 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் வருகிறது. வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவத்துக்குப் பதில் சொல்லி முதிர வைக்கிற மரபணுக்களை அது உட்கார்ந்து அமுக்கிக்கொள்கிறது. ஷாங்காயில் வாங் சென்-யீ என்ற டாக்டர், 1985-இல் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு அட்ரா என்ற அந்த வைட்டமின் வடிவத்தை அதிக அளவில் கொடுத்தார். செல்லைக் கொல்லாமல், முதிர வைத்தே குணமாக்கினார். ஆர்சனிக் அந்தக் கலப்புப் புரதத்தையே அழிய வைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த 2013 ஆய்வில், ஆபத்து குறைவான நோயாளிகளில் 100-க்கு 97 பேர் இரண்டு வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோகூட இல்லாமல்!

ஆனால் இந்த வகையில் முதல் சில நாட்களில் ரத்தப்போக்கு உயிரைக் கொண்டுபோய்விடும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே அனுமதிப்பார்கள், "திங்கட்கிழமை வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

குழந்தைக்கு வந்திருப்பது ஏஎல்எல். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எப்படி?

பெற்றோர் செய்த எதனாலும் இல்லை, இதை முதலில் மனதில் வையுங்கள். ஏஎல்எல் என்பது பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற அக்யூட் லுக்கேமியா. ஈடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கிற பழுது இந்தப் பிள்ளைகளில் பலரிடம் இருக்கிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்து வைத்த ரத்தத்தைப் பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, அதிலேயே இந்தப் பழுது இருந்தது. கருவிலேயே விழுந்துவிடுகிறது. ஆச்சரியம் என்னவென்றால், குறைந்தது நூறில் ஒரு குழந்தை இதோடு பிறக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. இன்னொரு பழுதும் பின்னால் விழுந்தால்தான் செல் நோயாகிறது.

இதில் ஒரு மருந்து எனக்கு எப்போதும் அதிசயம். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை நம் செல்கள் தாங்களே செய்துகொள்ளும். ஏஎல்எல் செல்லில் அதைச் செய்கிற நொதி மிகக் குறைவு, ரத்தத்தில் மிதப்பதை நம்பித்தான் பிழைக்கிறது. அஸ்பராஜினேஸ் ஊசி ரத்தத்தில் இருப்பதை அழித்துவிடுகிறது, நல்ல செல் பிழைக்கிறது, நோய்ச் செல் பட்டினி கிடந்து சாகிறது. இந்த வழிக்கு முதல் தடயம் 1953-இல் கினிப்பன்றியின் ரத்த நீரில் கிடைத்தது.

வீட்டில் சாப்பிடுகிற 6-எம்பி என்ற கீமோ மாத்திரை சில பிள்ளைகளுக்கு வழக்கமான அளவிலேயே வெள்ளையணுவை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். நட்15 என்ற மரபணு அவர்களிடம் சற்று வேறுமாதிரி இருப்பது ஒரு காரணம், ஆசியர்களிடம் இது ஐரோப்பியர்களைவிட அதிகம். அளவைக் குறைத்தால் நோயை விட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அந்தச் சின்ன அளவே முழு அளவு.

மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் ஏஎல்எல் 2003 ஆய்வில், சிகிச்சை தொடங்கிய பிறகு மிச்சம் இருக்கிற நோய்ச் செல்லை எண்ணி, அதற்குத் தக்க மருந்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் பிழைத்தார்கள். சிகிச்சை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். நடுவில் பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறதே என்று நிறுத்துவதுதான் ஆபத்து.

செல் "சாக மறுக்கிறது" என்று டாக்டர் சொன்னார். அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. பிசிஎல்-2 என்ற புரதம் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்வதைத் தடுக்கிறது. இது பெருக வைப்பதில்லை, சாகாமல் வைக்கிறது. 1988-இல் மெல்போர்னில் இதைக் கண்டார்கள். வெனட்டோகிளாக்ஸ் மாத்திரை இந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, செல் செத்துப்போகிறது. வயதானவர்களுக்கு வருகிற, மெதுவாக ஏறும் சிஎல்எல் என்ற லுக்கேமியாவில் நன்றாக வேலை செய்கிறது. கடுமையான கீமோ தாங்காத ஏஎம்எல் நோயாளிகளுக்கு அசாசிடிடின் என்ற ஊசி மருந்தோடு சேர்த்துக் கொடுத்ததில் நடு ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமானது. பெரிய எண் இல்லைதான். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் பேத்தி கல்யாணம் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

பி53 பழுதானால் கதை வேறு. டிஎன்ஏ கெட்டுப்போனதைக் கண்டு செல்லைச் சாகச் சொல்வது அந்தப் புரதம்தான், அது இல்லையென்றால் கீமோவே சரியாகப் பிடிக்காது. ரிப்போர்ட்டில் 17பி என்றோ டிபி53 என்றோ இருந்தால் டாக்டரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

தோட்டத்தில் வருடக்கணக்கில் மருந்தடித்தேன். அதனால்தான் வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், முகத்தில் ஒரு துணி மட்டும் கட்டிக்கொண்டு பம்பு சுமந்தவர்கள். நேர்மையாகச் சொன்னால், ஒரு தனி ஆளைப் பார்த்து இதனால் வந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

லுக்கேமியாவை உண்டாக்கும் என்று நிரூபணமான பொருள்களில் பென்சீன் முதலிடம், பெட்ரோலிலும் சிகரெட் புகையிலும் இருக்கிறது. அது மஜ்ஜைச் செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. கதிர்வீச்சு இன்னொன்று, முன்பு வேறு புற்றுநோய்க்காகச் செய்த சில கீமோவும்கூட. பாராகுவாட் நுரையீரலை அழிக்கிற கொடிய விஷம், அதை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது, ஆனால் லுக்கேமியாவோடு அதற்கு நிரூபணமான தொடர்பு கிடையாது. கிளைஃபோசேட்டை 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" வரிசையில் வைத்தது, அங்கே பேசப்பட்டது முக்கியமாக லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். தொடர்பு நிரூபணமாகவில்லை என்பதற்காக, கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிக்கச் சொன்ன முதலாளி நல்லவராகிவிட மாட்டார். அது தனிச் சண்டை, போட வேண்டிய சண்டை.

வயதையும் மறந்துவிடாதீர்கள். வயது ஏற ஏற மஜ்ஜைச் செல்லில் சின்னச் சின்னப் பழுது தானாகவே சேர்கிறது.

டுரியான் பெலாண்டா இலை, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

டுரியான் பெலாண்டா, அதாவது முள் சீத்தா, இலையைக் காய்ச்சிக் குடித்து லுக்கேமியா போனதாக எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. அதிலிருக்கிற அனோனாசின் நரம்புச் செல்லைக் கெடுக்கக்கூடியது, கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்கின்சன் மாதிரியான நோயோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். பப்பாளி இலைச் சாறு டிங்கிக்காக நம் வீடுகளில் கொடுப்பது. லுக்கேமியாவில் பிளேட்லெட் குறைவது மஜ்ஜையில் இடமில்லாததால், சாறு அந்த இடத்தை உண்டாக்காது.

இதைவிட முக்கியமானது பொமெலோ, அதாவது பம்ப்ளிமாஸ் பழம். தம்புன் பக்கத்தில்தானே இருக்கிறோம், வீட்டில் எப்போதும் ஒன்று தொங்கும். கிரேப்ஃப்ரூட் குடும்பத்துப் பழங்களில் இருக்கிற ஒரு பொருள், குடலில் மருந்தை உடைக்கிற நொதியை முடக்கிவிடும், இமாடினிப், நிலோடினிப் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். பொமெலோவும் அதே குடும்பம். சாப்பிடுவதற்கு முன் மருந்தகத்தில் கேளுங்கள், சாமிக்குப் படைத்ததாக இருந்தாலும்.

சர்க்கரையை நிறுத்தினால் செல் பட்டினியில் சாகுமா?

சாகாது. நீங்கள் சீனி சாப்பிடாவிட்டாலும் ஈரல் ரத்தத்தில் சர்க்கரையை வைத்துக்கொண்டே இருக்கும். எடைதான் குறையும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன கேட்பது?

எந்த வகை லுக்கேமியா, மஜ்ஜையில் குரோமோசோம் சோதனையும் மரபணுச் சோதனையும் செய்தார்களா, எந்த மரபணு பழுது என்று வந்தது, அதற்கென்று தனி மருந்து இருக்கிறதா, இருந்தால் இங்கே கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஈப்போவிலிருந்து அம்பாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம், ரத்த நோய்களுக்கு நாட்டின் முக்கிய பரிந்துரை மையம் அது. சில மரபணுச் சோதனைகளின் முடிவு வர வாரங்கள் ஆகும், அதற்குள் சிகிச்சை ஆரம்பித்துவிட்டால் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அக்யூட் நோய் முடிவுக்காகக் காத்திருக்காது.

மலாயில் பேச்சு வராத பெரியவர்கள் போனால் கூட ஒரு ஆள் போகட்டும், கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றை வாங்கி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கிற இடத்திலேயே வையுங்கள். இன்னொரு ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு எமர்ஜென்சியில் இருக்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.